நம்ம வீடு குழு: அண்ணாமலைக்கு நடை

நான்: மாமா, ஒருவழியாக வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள். திங்கள் காலை 6 மணி ஷிப்டுக்கு ஓசூரில் நிற்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்துவிடலாமா?

மாமா: 100 கிலோமீட்டருக்கு மேல் வரும்டா. இதுவரை அதிகபட்சம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறாய்?

நான்: வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் 😀

மாமா: தினம் 35 நடக்கணும். முதல் நாள் வீம்புக்கு நடந்துவிடுவாய். மறுநாள் விடியற்காலையில் பாதத்தைத் தரையில் ஊன்றும்போதுதான் தெரியும். முதல் தடவை பழனிக்குப் போனபோது சேலம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதவன் நான். ஊத்தங்கரை வரை பஸ்ஸில் போ. அங்கிருந்து சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகச் சுமார் 65. மூன்று நாளுக்கு அது போதும்.

அம்மா: அது எப்படி? வாசலிலிருந்து நடப்பதாகத்தானே வேண்டுதல்.

தங்கச்சி: வேண்டிக்கொண்டது நீ, நடப்பது அவனா?

அம்மா: வேலை அவனுக்குத்தானே கிடைத்தது.

சித்தி: அப்படியே கிரிவலமும் முடித்துவிட்டு வரட்டும்.

மாமா: அது தனியாக 14 கி.மீ., அதுவும் வெறுங்காலில். பௌர்ணமிக்குப் பஸ்ஸில் போய்ச் சுற்றிக்கொள்ளலாம். டேய், விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பு, 10 மணிக்கு மேல் தார் ரோட்டில் கால் வைக்காதே. சாயங்காலம் 4க்கு மறுபடி நட. ரோட்டின் வலது ஓரம், எதிரே வருகிற லாரி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. பை முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டு. விரல் இடுக்கிலும் தொடை இடுக்கிலும் தேங்காய் எண்ணெய். புது ஷூ மட்டும் வாங்கிவிடாதே.

நான்: வாங்கிவிட்டேன்.

மாமா: சரி. ஞாயிற்றுக்கிழமை அதே ஷூ, அதே பையோடு கேஆர்பி டேம் வரை போய்த் திரும்பி வா. அப்புறம் பேசலாம்.

*ஞாயிறு, காலை 10.40*

நான்: 📷

சித்தி: ஐயோ, இது என்ன குதிகாலில்?

நான்: கொப்புளம். ஐந்து ரூபாய் காசு அளவு. டேமிலிருந்து திரும்பும்போது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். மாந்தோப்பெல்லாம் பூவெடுத்திருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எப்படியோ வந்து சேர்ந்தேன்.

மாமா: ஊசியால் குத்தாதே, தானாக அமுங்கும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தினம் அலுவலகத்துக்குப் போடுகிற அந்தப் பழைய செருப்பு எங்கே?

நான்: வாசலில்தான் கிடக்கிறது.

மாமா: அதுதான் உனக்கு வண்டி.

அம்மா: நான் ஒன்று சொல்கிறேன். வாசலில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து போகட்டும். அங்கே ஊத்தங்கரை பஸ் ஏறிக்கொள்ளட்டும். வாசலிலிருந்து நடந்த கணக்குதானே?

தங்கச்சி: அம்மா, நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

மாமா: அக்கா சொன்னால் சரி. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டு வையுங்கள்.