பழைய என்.எச். 7 (இப்போ 44): சூளகிரியிலிருந்து தொப்பூர் வரை எங்கெங்கே நிறுத்தலாம்?

சூளகிரி_பைக்
மே மாதம், ரெண்டு பைக், நாலு பேர். விடியக் கிளம்பி இருட்டுறதுக்குள்ள தொப்பூர் கணவாய் இறங்கணும். ஒகேனக்கல் வேண்டாம். ரோட்டை ஒட்டி கல்திட்டை, கோட்டை, நடுகல் எதை எந்த நேரத்தில் வைக்கலாம்?

பாறைமேடு
மே மாதம்னா நேரத்தைப் பாறைச் சூடுதான் முடிவு பண்ணும். முதல்ல மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரிக்கு முன்னாடியே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகணும்; ஊருக்குள்ள மோரல் பாறைன்னு கேளுங்க. மேலே பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடின ஈமச்சின்னங்கள், கூட்டமா இருக்கு. நாலு பலகைக்கல்லையும் கவனிங்க: ஒவ்வொரு கல்லோட ஓரமும் பக்கத்துக் கல்லைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தப் பிடிப்பில்தான் உள்ளே சாயாம நிக்குது. ஒரு பலகையில் வட்டமா ஒரு ஓட்டை இருக்கும், அதுதான் இடுதுளை. மூடுகல் மேல ஏறி போட்டோ எடுக்காதீங்க, தயவுசெய்து. ஒரு பலகை நகர்ந்தா மொத்தமும் சரிஞ்சிடும்.

கிருஷ்ணகிரிக் கோட்டையை அதே காலையில் சேர்க்காதீங்க. எட்டு மணிக்கு மேல படியில் நிழலே கிடையாது. கீழிருந்து பார்த்தாலே போதும்: 1791-இல் ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழே இருந்த பேட்டையை (ஊர்ப்பகுதியை) பிடிச்சும் மேல்கோட்டையில் தோத்துத் திரும்பினது ஏன்னு அந்தச் செங்குத்துப் பாறையே சொல்லும்.

காவேரிப்பட்டணம்_மா
மாங்காய்ச் சீசன் ஆச்சே, ரோட்டோரக் கடையில் செந்தூரா வாங்குங்க. பெங்களூராவை ஜூனுக்கு விட்டுடுங்க. தோல் ஒரே சீரா மஞ்சளா இருந்து, காம்புப் பக்கம் அழுத்தினா கல்லு மாதிரி, மோந்தா வாசனையும் இல்லைன்னா கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது.

நடுகல்லுக்கு தருமபுரி அரசு அருங்காட்சியகம். வெயில் உச்சிக்கு ஏறும்போது உள்ளே இருக்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. வழியில் ஊர்களில் வேடியப்பன்னு கும்பிடுற கல்லும் பெரும்பாலும் நடுகல்தான். அதில் இருக்கிற வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து) படிக்கணும்னா சாயங்காலச் சாய்வெயில் வேணும், நடுப்பகலில் வெட்டு தெரியாது. எழுத்து தெரியட்டும்னு மாவு, சாக்பீஸ் தேய்க்கவே கூடாது.

கட்டமேடு_லாரி
தொப்பூர் எதுக்கு இறங்கணும்? பார்க்க அங்கே ஒண்ணும் இல்ல. டீசல் மிச்சம் பண்ண நியூட்ரலில் விடுற லாரிகளால்தான் அங்கே ஆபத்து. எஞ்சின் பிடிப்பு போயிடும், மொத்தச் சுமையும் பிரேக்குக்கு வந்து டிரம் சூடேறும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. இறங்கியே தீரணும்னா மூணாவது கியரை மாத்தாம இடது ஓரம் போங்க. பின்னாடி பிரேக் லைனிங் கருகுற வாடை வந்தா அகலமான இடம் பார்த்து ஒதுங்கி லாரியை முன்னே விடுங்க. இரட்டைப் பாலத்துக்கிட்ட நிறுத்தவே வேண்டாம்.

அதியமான்கோட்டையிலேயே திரும்புங்க. தருமபுரியிலிருந்து 7 கி.மீ. சாயங்காலம் நடை திறந்ததும் சென்றாயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்களைப் பாருங்க, ஃபிளாஷ் போடாம. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 844-ஐப் பிடிச்சு பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா சூளகிரி போயிடலாம், வந்த ரோட்டிலேயே திரும்ப வேண்டியதில்ல. தேதி வைக்கிறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க: தேய்பிறை அஷ்டமின்னா அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கு ஏத்த வர்ற கூட்டத்தில் பைக் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.