களிமண் பொம்மைப் படம்: வெளிச்சம் துடிக்கிறது, ஆள் மரத்தில் நிற்க மாட்டேன் என்கிறான், இதில் வேலை கிடைக்குமா என்றும் தெரியவில்லை

கொழிஞ்சாம்பாறைப் பையன்

வணக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை. வயது 24. பகலில் மச்சானுடைய கல்யாண போட்டோ ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பின்னால் இருக்கிற சின்ன ரூமில் ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து, சேர்த்து ஓட்டுவது) செய்து பார்க்கிறேன். கோவையில் ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஆறு மாசக் கோர்ஸ் சேர்ந்தேன். நோட்டீஸில் ஸ்டாப் மோஷன் என்று பெரிசாகப் போட்டிருந்தார்கள், அது நடந்தது ஒரே ஒரு நாள், மீதி அஞ்சு மாசமும் எடிட்டிங். சரி, அந்தக் கதை போகட்டும்.

படம் எங்கள் தாத்தாவைப் பற்றியது. சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பில் கள் இறக்கினவர். காலையில் மரம் ஏறுகிறார், பாளை சீவுகிறார், இறங்குகிறார், அவ்வளவுதான் கதை. 40 வினாடி. வினாடிக்கு 12 படம் என்று கணக்குப் போட்டால் 480 படம். 90 எடுத்ததிலேயே நின்றுவிட்டது.

மரம் ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப். அதன்மேல் பருத்திக் கயிற்றை இடைவெளி விட்டுச் சுற்றி, பெவிக்காலில் மரத்தூள் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய்த்தேன். தென்னையில் மட்டை விழுந்த வளையம் இருக்குமே, அது அப்படியே வந்துவிட்டது. தாத்தாவின் பாளைக்கத்தியை ஒடிந்த ஹாக்சா பிளேடில் செய்தேன், நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் நிஜமாகவே பேப்பர் வெட்டும். பிடிக்கு விளக்குமாற்றுக் குச்சி. இடுப்பில் கட்டுகிற கூட்டைப் பாளைத் தோலிலேயே மடித்துத் தைத்தேன், ஊசி முனையால் ஓட்டை போட்டு ஒவ்வொரு தையலாக, நாலு ராத்திரி ஆனது. கலயம் களிமண் இல்லை, புளியங்கொட்டையைக் குடைந்தது. காலில் மாட்டுகிற தளைநார் நிஜத் தேங்காய் நார்.

நடையும் ஏறுவதும் சுமாராக வந்திருக்கிறது.

சிக்கல்கள் இவை. ஒன்று, ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது, சாமி கும்பிடும்போது விளக்கு காற்றில் ஆடுகிற மாதிரி. இரண்டு, ஆள் மரத்தில் நிற்பதில்லை, பத்துப் படத்துக்கு ஒருமுறை வழுக்கி இறங்குகிறான், களிமண்ணும் இளகிவிடுகிறது. மூன்று, முழங்காலில் கம்பி ஒடிந்துவிட்டது, அதுவும் இரண்டு முறை. நாலாவது சிக்கல் இல்லை, கேள்வி: அனிமேட்டர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை, அதற்கு இங்கிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும்?

மச்சானின் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ். வெளிச்சத்துக்கு 100 வாட் குண்டு பல்பு இரண்டு.

ஒளிஓவியன்

தம்பி, கேமரா ஆட்டோவில் இருக்கும். ஐ.எஸ்.ஓ., ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்று. முக்கால்வாசிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறைப் பையன்

அண்ணா, எல்லாமே மேனுவல்தான். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, அரை வினாடி. கல்யாண ஸ்டுடியோக்காரனிடம் இதைக் கேட்கிறீர்களே.

ஒளிஓவியன்

மன்னிச்சுக்க. அப்படியென்றால் லென்ஸாக இருக்கலாம். இந்த லென்ஸ்களில் வெளிச்சம் நுழைகிற துவாரம் எப்போதும் முழுசாகத் திறந்தேதான் இருக்கும், நீ பட்டனை அழுத்தும்போது மட்டும் நீ வைத்த எஃப் 11 அளவுக்குச் சுருங்கி, மறுபடி விரியும். ஒவ்வொரு முறையும் முடியளவு வித்தியாசத்தில்தான் சுருங்கும். கல்யாணப் போட்டோவில் அது யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்து ஓட்டும்போது துடிப்பாகத் தெரிந்துவிடும்.

சோதித்துப் பார். பொம்மையை எடுத்துவிட்டு வெறும் மரத்தை மட்டும் வை, எதையும் தொடாமல் 20 படம் எஃப் 11-ல் எடு, அப்புறம் ஷட்டரை மட்டும் சரிசெய்துகொண்டு லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து 20 எடு. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்.

மீட்டர்பெட்டி

வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன், வயரிங் வேலை. எனக்கு அனிமேஷன் தெரியாது. ஆனால் குண்டு பல்பு என்று சொன்னதும் ஒரு சந்தேகம். அந்த பல்பு கோழிக்குஞ்சுக்குப் போடுவதா? பக்கத்தில் போர்வெல் மோட்டார் இருக்கிறதா?

கொழிஞ்சாம்பாறைப் பையன்

இரண்டுக்கும் ஆமாம்ங்க. பெரியப்பாவுடைய கோழிப் பண்ணையிலிருந்து எடுத்து வந்த பல்பு. சுவருக்கு அந்தப் பக்கம் தோப்பு மோட்டார்.

மீட்டர்பெட்டி

அதுதான் பாருங்கள். மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கும், குண்டு பல்பு உடனே மங்கும், மோட்டார் நின்றால் பழையபடி எரியும். குஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது. அந்த பல்பு எரிவதே முக்கால்வாசி சூட்டுக்குத்தான், களிமண் இளகாமல் என்ன செய்யும்? நல்ல எல்.இ.டி. பல்பு வாங்கிப் போடுங்கள், உள்ளே மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கிற டிரைவர் ஒழுங்காக இருந்தால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் மாறாது. மட்டமான எல்.இ.டி. நம் கண்ணுக்கே தெரியாமல் வினாடிக்கு 100 முறை துடிக்கும், ஆனால் ஷட்டரை அரை வினாடி வைத்திருப்பதால் அது உங்களைப் பாதிக்காது.

சும்மா வந்தவன்

ஏ.ஐ.யிடம் சொன்னால் தாத்தா மரம் ஏறுகிற வீடியோவை அஞ்சு நிமிஷத்தில் கொடுத்துவிடும். புளியங்கொட்டையைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள்.

சாம்பல்பூனை

கொடுக்கும். அதில் பாளைக்கத்தி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

தம்பி, மும்பையில் விளம்பரப் படங்களுக்குப் பொம்மை செய்து எட்டு வருஷம் ஓட்டினேன். இப்போது பொள்ளாச்சியில் இருக்கிறேன், வேலை வந்தால் போய்வருகிறேன். நீங்கள் கேட்டதைக் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேனே.

நீங்கள் எழுதினதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கத்தி, கூடு, கலயம், மரத்துப் பட்டை, இதற்கெல்லாம் ஒரு பத்தி முழுக்க. நடைக்கு அரை வரி, அதிலும் "சுமாராக". அனிமேட்டராகப் போகிறவன் இதைத் தலைகீழாக எழுதுவான். கத்தியை அட்டையில் வெட்டி ஒட்டிவிட்டு, தாத்தா வலது காலைத் தூக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, தளைநார் எப்போது இறுகுகிறது என்று நமக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுப்பான். நான் பார்த்த நல்ல அனிமேட்டர்களில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது, ஆனால் பொம்மை மூச்சு விடுவதை நிறுத்தினால் எந்த இடத்தில் நிறுத்தியது என்று சொல்லிவிடுவார்கள்.

ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையை நகர்த்துகிற ஆள் ஒருவர்தான் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பெரிய ஸ்டுடியோவில் உள் எலும்பு மட்டும் செய்கிறவர்கள் தனி, அச்சு எடுத்து சிலிகான் ஊற்றுகிறவர்கள் தனி, தலைமுடிக்கும் துணிக்கும் தனி, செட்டுக்கு, சின்னப் பொருள்களுக்கு, பொம்மையை அந்தரத்தில் நிறுத்துகிற ரிக்குக்கு, விளக்குக்கு, அப்புறம் அந்த ரிக் கம்பியைக் கம்ப்யூட்டரில் அழிப்பதற்கு என்று ஆள் ஆளாக இருப்பார்கள். 2009-ல் வந்த 'கோரலைன்' படத்தில் முகங்களை 3டி பிரிண்டரில் எடுத்து மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். அப்படிப்பட்ட வேலையில் ஆயிரக்கணக்கான முகத்துக்கு எண் போட்டு டப்பாவில் அடுக்கி, கேட்ட முகத்தை எடுத்துக் கொடுக்கவே ஆள் வேண்டும். இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கிற ஆர்ட்மேன், அமெரிக்காவில் ஆரெகனில் இருக்கிற லைகா மாதிரி ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோக்களில் இதெல்லாம் தனித்தனித் துறை. நம் நாட்டில் அவ்வளவு பிரிவு கிடையாது, ஒரே ஆள் மூணு வேலை பார்ப்போம். வேலையும் மாசச் சம்பளமாக வருவது குறைவு, பெரும்பாலும் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பேசிக்கொள்வதுதான். விளம்பரம் வந்தால் மூணு வாரம் தூக்கமில்லை, அதன்பின் இரண்டு மாசம் போன் அடிக்காது. அந்த இரண்டு மாசத்துக்கு எனக்குச் சோறு போட்டது கட்டடக்காரர்களுக்கு மாடல் செய்து கொடுத்ததும் கடை ஜன்னல் அலங்காரமும்.

அனிமேட்டர் ஆகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆசை இருக்கிறதா என்று முதலில் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொம்மையை விடுங்கள், ஒரு ரூபாய் நாணயம் ஒன்று போதும். மேஜையில் அது கிளம்பி, ஓடி, நிற்க வேண்டும். முதல் படத்துக்கு ஒரு மில்லிமீட்டர், அடுத்ததுக்கு இரண்டு, நாலு, ஏழு, பத்து, அப்புறம் அதே மாதிரி குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். பிறகு அதே நாணயம் தயங்குகிற மாதிரி, பயந்த மாதிரி, அவசரமாகப் போகிற மாதிரி. இதை ஒரு மாசம் செய்தும் அலுக்கவில்லை என்றால் நீங்கள் அனிமேட்டர். பத்தாம் நாளே நாணயத்துக்குத் தொப்பி செய்ய ஆரம்பித்துவிட்டால் என் பக்கம் வந்துவிடுங்கள்.

இப்போது முழங்கால். என்ன கம்பி?

கொழிஞ்சாம்பாறைப் பையன்

கட்டடத்துக்குப் போடுகிற கட்டுக்கம்பிங்க. அக்கா, நீங்கள் சொன்ன பிறகு என் பதிவைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சாம்பல்பூனை

வெட்கம் எதுக்கு? கட்டுக்கம்பி வேண்டாம், இரும்பு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடியத்தான் செய்யும். மெத்தென்ற அலுமினியக் கம்பி வேண்டும், இரண்டு இழையை டிரில்லில் மாட்டி முறுக்குங்கள், ரொம்ப இறுக்காமல். தொடை, கெண்டைக்கால் மாதிரி வளையக்கூடாத இடங்களில் எம்-சீல் பூசி எலும்பாக்கிவிடுங்கள், மூட்டில் மட்டும் கம்பி தெரியட்டும். அதுவும் ஒருநாள் ஒடியும். அதனால் காலைக் கழற்றி மாற்றுகிற மாதிரி, இடுப்பில் சதுரப் பித்தளைக் குழாய் ஒன்றும் அதற்குள் சொருகுகிற மாதிரி சின்னதாக இன்னொன்றும் வைத்துக்கொண்டால் மறுபடி பொம்மையையே பிளக்க வேண்டியதில்லை. களிமண்ணை உடம்பு முழுக்க அப்பாதீர்கள். உள்ளே அலுமினிய ஃபாயிலைக் கசக்கி வைத்து மேலே மெல்லிசாகத்தான் மண். தலைக்குள் தெர்மாகோல் உருண்டை. பாரம் குறைந்தாலே பாதி வழுக்கல் நின்றுவிடும்.

மீட்டர்பெட்டி

பழைய வீட்டு வயரிங்கில் அலுமினியக் கம்பி கிடக்கும், பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். மேலே இருக்கிற பிளாஸ்டிக்கைச் சீவி எடுங்கள், கொளுத்தாதீர்கள், புகை ஆகாது.

சாம்பல்பூனை

மரம் ஏறுவதற்கு ஒரு வழி. தாத்தாவைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் ஏற விடுங்கள், மரத்தின் இடது ஓரத்தில் அவர் தெரிகிற மாதிரி. பைப்பின் அந்த ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல் வெட்டுங்கள், அது கேமராவுக்குத் தெரியாது. பைப்பின் பின்பக்கத்தை ஹாக்சாவில் அறுத்துத் திறந்துவிடுங்கள். அவர் நெஞ்சில் 3 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைப் பதித்து, கீறல் வழியாக உள்ளே விட்டு, பின்னாலிருந்து வாஷரும் நட்டும் போட்டு முறுக்கினால் எந்த உயரத்திலும் நிற்பார். நட்டைத் தளர்த்தி, ஏற்றி, முறுக்கி, அப்புறம் கை காலைச் சரிசெய்து, படம் எடுங்கள். தரையில் நடக்கிற காட்சிக்கும் இதே வேலைதான். பாதத்தில் நட்டைப் பதித்து, ஓட்டை போட்ட பிளைவுட்டின் அடியிலிருந்து திருகாணி.

கொழிஞ்சாம்பாறைப் பையன்

அண்ணா, சோதனை முடிந்தது. மோட்டார் ஓடாத நேரம், ராத்திரி இரண்டு மணிக்கு: முழுசாகத் திறந்து வைத்ததில் துடிப்பே இல்லை, எஃப் 11-ல் படத்துக்குப் படம் லேசாக நடுங்குகிறது. காலை ஏழு மணிக்கு மோட்டார் போட்டதும் இரண்டிலுமே அலை மாதிரி மங்கி மங்கி வருகிறது. ஆக இரண்டு கோளாறு, அண்ணன் சொன்னதும் சரி, மீட்டர்பெட்டி அண்ணன் சொன்னதும் சரி.

ஒளிஓவியன்

லென்ஸுக்கு மருந்து: உன்னுடையது கேனான் கேமராவாக இருந்து, துவாரத்தை முன்கூட்டியே சுருக்கிக் காட்டுகிற பட்டனும் இருந்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே லென்ஸை லேசாகத் திருகு, தொடர்பு விட்டுப் போகும், துவாரம் அப்படியே எஃப் 11-ல் நின்றுவிடும். லென்ஸ் கழன்று விழாமல் டேப் போட்டுக்கொள். இல்லையென்றால் வளையத்தைக் கையால் திருப்பித் துவாரம் வைக்கிற பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றும் அடாப்டரும் வாங்கு. இன்னொன்று, என்ன சட்டை போட்டுக்கொண்டு எடுக்கிறாய்?

கொழிஞ்சாம்பாறைப் பையன்

வெள்ளை பனியன்.

ஒளிஓவியன்

அதுவும் ஒரு விளக்குதான். கறுப்புச் சட்டை போடு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நில். தரையில் காலுக்குச் சாக்பீஸில் வட்டம் போட்டுக்கொள்.

மீட்டர்பெட்டி

விளக்கு ஆடுவது என்று சொன்னதும் நினைவு வந்தது, நம் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? 21 தேங்காய்மூடி விளக்கு, கம்பராமாயணப் பாட்டு. அங்கே திரி ஆடினால்தான் பாவைக்கு உயிர் வரும். உங்கள் தொழிலில் அதுவே கோளாறு.

கொழிஞ்சாம்பாறைப் பையன்

சின்ன வயசில் பாட்டி கூட்டிப் போயிருக்கிறார்கள், ராமர் வருவதற்குள் தூங்கிவிடுவேன்.

அக்கா, படிப்பு பற்றி ஒன்று கேட்கணும். டிகிரி இருக்கிறது, பி.காம். மறுபடி எங்கேயாவது சேரணுமா?

சாம்பல்பூனை

முதலில் ஏமாந்த இடம் மாதிரி இன்னொன்றில் பணம் கட்டாதீர்கள். சேர்வதென்றால் அகமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) அனிமேஷன் ஃபிலிம் டிசைன் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு கஷ்டம், ஆனால் வரைவதையும் கைவேலையையும் மதிக்கிற இடம். எங்கே போனாலும் ஸ்டாப் மோஷனுக்கென்று தனி மேஜையும் விளக்கும் இருக்கிறதா, போன வருஷப் பிள்ளைகள் செய்த பொம்மை எங்கே என்று நேரில் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

சேராமலும் வரலாம், நான் அப்படி வந்தவள்தான். வேலை கேட்டுப் போகும்போது முடிந்த படத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பொம்மை செய்கிற ஆளிடம் அவர்கள் பார்ப்பது உள்ளே என்ன இருக்கிறது என்று. எலும்பு, அச்சு, ஒடிந்த முழங்கால், அதை எப்படி மாற்றினீர்கள், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுங்கள். அந்த ஒடிந்த கால் இரண்டையும் தூக்கிப் போடவில்லையே? வேறு ஒரு உதவியும் செய்துகொள்ளுங்கள்: அனிமேஷன் மட்டும் செய்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஆளுக்கு நல்ல பொம்மை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு நல்ல நடை கிடைக்காமல். படம் முடிந்தால் திருவனந்தபுரம் குறும்பட விழாவுக்கு அனுப்பலாம், கேரள அரசின் சலச்சித்ர அகாடமி நடத்துவது.

கொழிஞ்சாம்பாறைப் பையன்

மூணு வாரம் கழித்து வருகிறேன். துடிப்பு போய்விட்டது. எல்.இ.டி. போட்டாயிற்று, குண்டு பல்பு இரண்டும் பண்ணைக்கே திரும்பிப் போய்விட்டன. என் கேமராவில் அந்தப் பட்டன் வேலை செய்யவில்லை, அதனால் பழைய லென்ஸ் ஒன்று வாங்கினேன். தாத்தா வழுக்காமல் நாலு வினாடி ஏறியிருக்கிறார், 48 படம், நட்டை முறுக்கி முறுக்கி விரல் நுனி காய்த்துவிட்டது. ஏறுவது இன்னும் சுமார்தான்.

நாணயப் பயிற்சி பதினெட்டு நாள் செய்தேன். தொப்பி செய்யவில்லை அக்கா. ஆனால் நாணயத்தை அசையாமல் பிடித்துத் தள்ள, அலுமினியத்தில் நுனி வளைந்த ஒரு சின்னத் தள்ளுகோலும், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு தண்டவாளமும் செய்தேன்.

சாம்பல்பூனை

தொப்பியே பரவாயில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பையன்

சிரிக்காதீர்கள் அக்கா. தாத்தா முகத்துக்குச் சிலிகான் ஊற்றிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பிளாஸ்டர் அச்சில் நேராக ஊற்றலாமா, ஒட்டிக்கொள்ளுமா?

சாம்பல்பூனை

பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் கெட்டுவிடும். உள்ளே வாஸ்லைனை மெல்லிசாகத் தடவித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். முகத்தில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு காதை மட்டும் ஊற்றிப் பாருங்கள்.