ஃப்ரேமிங்ஹாம் கேப் வீடு: மாஸ் சேவ் இலவச அசெஸ்மெண்ட்டுக்கு முன்னாடி என்ன பார்த்து வைக்கணும்?

குளிர்மாடி:

இடம் மாசசூசெட்ஸ், ஃப்ரேமிங்ஹாம். 1956-ல் கட்டிய கேப் வீடு (சாய்வுக் கூரைக்குள்ளேயே மாடி அறைகள் இருக்கும் சிறு வீடு), மாடியோடு சேர்த்து 1,700 சதுர அடி. கரண்ட், கேஸ் இரண்டும் எவர்சோர்ஸ் கம்பெனி. கேஸ் பாய்லரும் டேங்க் வாட்டர் ஹீட்டரும் ஒரே செங்கல் சிம்னியில் போகின்றன. கடந்த 12 மாதத்தில் கேஸ் 1,080 தெர்ம் (கேஸ் பில்லில் வரும் அலகு); ஜூலை, ஆகஸ்டில் மாதம் 18 தெர்ம். மாடி படுக்கையறை இரண்டும் ஜனவரியில் ஃப்ரிட்ஜ், ஜூலையில் அடுப்பு. கூரை ஓரத்தில் ஐஸ் டேம் (உருகி வந்து உறைந்த பனிக்கட்டி வரப்பு) வேறு.

மாஸ் சேவ் ஹோம் எனர்ஜி அசெஸ்மெண்ட்டுக்கு (வீட்டில் எங்கே சூடு வீணாகிறது என்று ஆள் வந்து பார்ப்பது) பதியலாம் என்றிருக்கிறேன். நிஜமாகவே இலவசமா, கடைசியில் எதையாவது தலையில் கட்டுவார்களா? அவர்கள் வருவதற்குள் நான் செய்து வைக்க வேண்டியது என்ன? சாய்வுச் சுவருக்குப் பின்னால் இருக்கும் தாழ்வான இடம் முழுக்க கொலுப் பொம்மைப் பெட்டிகளும் சூட்கேஸ்களும். அதையெல்லாம் எடுக்கணுமா?

தெர்ம்கணக்கு:

இலவசம் என்ற சொல்லை முதலில் திருத்திவிடுவோம். கரண்ட் பில்லிலும் கேஸ் பில்லிலும் எனர்ஜி எஃபிஷியன்ஸிக்கென்று ஒரு தொகை மாதாமாதம் போகிறது. 2008-ல் வந்த கிரீன் கம்யூனிட்டீஸ் சட்டத்துக்குப் பிறகு, அந்தப் பணத்தில் மூன்றாண்டுத் திட்டம் போட்டு மின்சார, கேஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்துவதுதான் மாஸ் சேவ். நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். போய் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் நஷ்டம்.

1 முதல் 4 குடியிருப்பு வரை உள்ள கட்டடங்களுக்கு இந்த வழி. 5 அல்லது அதற்கு மேல் என்றால் அடுக்குமாடித் திட்டம், அது தனி. ஃப்ரேமிங்ஹாமில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஷ்ரூஸ்பரி, கான்கார்ட், வெல்லெஸ்லி, பெல்மான்ட், லிட்டில்டன் மாதிரி ஊரே கரண்ட் கொடுக்கும் இடங்களில் இருப்பவர்கள் கவனிக்கவும்: வீட்டைச் சூடாக்குவது மாஸ் சேவில் உள்ள கேஸ் கம்பெனியின் கேஸ் என்றால் அந்தக் கணக்கை வைத்துப் பதியலாம். ஆயிலோ கரண்ட்டோ என்றால் ஊர் மின்வாரியத்தின் சொந்தத் திட்டத்தைத்தான் கேட்க வேண்டும்.

பதிவதற்கு அக்கவுண்ட் எண் போதும். திட்டத்தின் முதன்மை ஏஜென்ஸி மூலமாகவும் பதியலாம், அங்கீகாரம் பெற்ற காண்ட்ராக்டரை நேரடியாகவும் கூப்பிடலாம். விலைப் பட்டியலும் மானியமும் இரண்டு வழியிலும் ஒன்றுதான். காண்ட்ராக்டர் வழியில் பார்ப்பவரும் வேலை செய்பவரும் ஒரே கம்பெனி என்பதால் கை மாறும்போது தகவல் விட்டுப்போவது குறைவு.

வருகிறவர் இரண்டு மணி நேரம் போல இருப்பார். அட்டிக், பேஸ்மெண்ட் எல்லாம் ஏறி இறங்குவார். சுவரில் பிளக் பாயிண்ட் மூடியைக் கழற்றி உள்ளே பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார். பாய்லர் புகையில் கார்பன் மோனாக்சைடு அளவெடுப்பார். முடிவில் ஒரு ரிப்போர்ட்டும் வேலைக்கான ஒப்பந்தமும் வரும். காற்றுக் கசிவை அடைப்பதற்குப் பொதுவாக முழு மானியம், இன்சுலேஷனுக்கு 75 சதவீதம் அல்லது அதற்கு மேல். வருமானம் மாநில நடுத்தர வருமானத்தில் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பதிவதற்கு முன்பே சொல்லுங்கள். அது வேறு வழி, இன்சுலேஷனும் முழுக்க இலவசம். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அதற்கு முன் உங்கள் வீட்டு நிலவரத்தை நீங்களே பார்த்துவிடலாம். கோடை மாதம் 18 தெர்ம் என்றால் வெந்நீரும் சமையலும் வருடத்துக்கு 216. மீதி 864 தெர்ம் வீட்டைச் சூடாக்கப் போனது. ஒரு தெர்ம் 1,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு), ஆக 8.64 கோடி பி.டி.யு. அதை 1,700 சதுர அடியாலும், பாஸ்டன் பகுதிக்கான சுமார் 5,600 ஹீட்டிங் டிகிரி-டேயாலும் (வருடம் முழுக்க எவ்வளவு குளிர் என்று கூட்டிய கணக்கு) வகுத்தால் 9 வருகிறது. 5-க்குக் கீழே என்றால் நல்ல வீடு. 9 என்றால் பாய்லரை மாற்றுவதற்கு முன்னால் கூரையைப் பாருங்கள்.

செல்லுலோஸ்:

கொலு பெட்டியை எடுத்தே ஆகணும். சாய்வுக் கூரைக்கு அடியில நிக்கற குட்டைச் சுவருக்குப் பேரு நீ-வால் (knee wall), அதுக்குப் பின்னாடி இருக்கற அந்த இடம் நீ-வால் அட்டிக். கேப் வீட்டோட வியாதியே அங்கதான் இருக்கு. அசெஸ்மெண்ட்டுக்கு வர்ற ஆடிட்டர் கதவைத் திறந்து சூட்கேஸ் மலையைப் பார்த்தா 'அணுக முடியல'ன்னு எழுதிட்டுப் போயிடுவார், அந்தப் பகுதி ஒப்பந்தத்துல வராது. ரெண்டு பக்கமும் ஆள் தவழ்ந்து போற அளவுக்காவது காலி பண்ணி வைங்க.

ஒரு டார்ச் எடுத்துட்டு நீங்களே உள்ள போய் நீ-வாலுக்கு அடியில பாருங்க. தரையைத் தாங்கற ஜாயிஸ்ட் மரங்கள் வரிசையா ஓடும். ரெண்டு மரத்துக்கு நடுவுல இருக்கற சந்து, சுவருக்கு அடியில நேரா மாடி ரூமோட தரைக்குக் கீழ போகுதா? 50-கள்ல கட்டின கேப்ல அதை அடைச்சிருக்க மாட்டாங்க. சாஃபிட் (கூரை ஓரத்து அடிப்பலகை) வழியா வர்ற குளிர்காத்து மாடித் தரைக்கும் கீழ் வீட்டு சீலிங்குக்கும் நடுவுல குறுக்கே ஓடிட்டு இருக்கும். சுவர்ல எவ்வளவு பஞ்சு வச்சாலும் கால் சில்லுன்னு இருக்கறது அதனாலதான். ஒவ்வொரு சந்துக்கும் கெட்டி ஃபோம் போர்டை அளவா வெட்டி வச்சு, சுத்தி ஸ்ப்ரே ஃபோம் அடிக்கணும். இல்லேன்னா செல்லுலோஸை (காகிதத் தூள் இன்சுலேஷன்) அழுத்தி அடைக்கணும். ஒப்பந்தத்துல இந்த வரி இருக்கான்னு தேடுங்க. 'நீ-வால் இன்சுலேஷன்'னு மட்டும் இருந்தா, 'ஜாயிஸ்ட் பிளாக்கிங் எங்கே'ன்னு கேளுங்க. இதை விட்டா பாக்கி எல்லாம் செஞ்சும் பாதி பலன் போச்சு.

அடுத்தது நீ-வால். பழைய ஃபைபர்கிளாஸ் பட்டை முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும், காத்து அதுக்குள்ள புகுந்து சூட்டை அள்ளிட்டுப் போகும். பின்னாடி 2 இன்ச் ஃபோம் போர்டு அடிச்சு இணைப்புகளுக்கு டேப் ஒட்டணும். அந்தக் குட்டிக் கதவுக்கும் அதே போர்டு, சுத்தி ரப்பர், இழுத்துப் பிடிக்கற கொண்டி. கதவைச் சும்மா சாத்தி வச்சா அது ஜன்னல் திறந்த மாதிரிதான்.

உச்சியில இருக்கற சின்ன சமதள அட்டிக்குக்கு ஆர்-49 குறி (ஆர் எண் கூடக்கூட சூடு வெளிய போறது குறையும்). ஏற்கெனவே 6 இன்ச் ஃபைபர்கிளாஸ் இருந்தா அது ஆர்-19. மீதி 30-ஐ இன்ச்சுக்கு 3.5-னு வகுத்தா ஒன்பது இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவா செல்லுலோஸ் மேல ஊதணும். ஆனா ஊதறதுக்கு முன்னாடி ஓட்டைகளை அடைச்சாகணும்: ஒயர் ஏறி வர்ற ஓட்டை, பிளம்பிங் குழாயைச் சுத்தி, சுவரோட தலைப்பலகை, சிம்னியைச் சுத்தின இடைவெளி. சிம்னிகிட்ட மட்டும் சாதா ஃபோம் கூடவே கூடாது, தகடும் தீ தாங்கற காலக்கும் (இடைவெளி அடைக்கற பசை)தான். செல்லுலோஸ் காத்தை வடிகட்டும், நிறுத்தாது. அடைக்காம ஊதினா சூடான ஈரக்காத்து அதுக்குள்ளேயே ஏறிப் போய் கூரைப் பலகையில படிஞ்சு கருப்புப் பூசணம் பிடிக்கும்.

ஐஸ் டேமும் இதே கதைதான். கசியற சூடு மேல பனியை உருக்குது, தண்ணி ஓரத்துக்கு வந்து உறையுது. ஹீட் கேபிள் போடறது வலிக்கு மாத்திரை மாதிரி.

நீ-வால் அட்டிக் தரையில செல்லுலோஸ் ஊதிட்டா அப்புறம் அங்க பெட்டி வைக்க முடியாது. பொம்மைகளுக்கு இடம் வேணும்னா ஒரு பக்கத்தை மட்டும் மேடை கட்டி விடச் சொல்லி ஆடிட்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. வேலை நாள் அன்னிக்குச் சொன்னா நடக்காது.

பேஸ்மெண்ட்வாசி:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கூரை வரை போவதற்கு முன்பே பல வீடுகளில் வேலை நின்றுவிடுகிறது. 'பேரியர்' (தடை) என்று ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்தால், சரி செய்து ஆதாரம் காட்டும் வரை இன்சுலேஷன் கிடையாது.

உங்கள் வீட்டில் முதல் சந்தேகம் பேஸ்மெண்ட். பாய்லரும் வாட்டர் ஹீட்டரும் அறைக் காற்றையே இழுத்து இயற்கையாகச் சிம்னியில் விடுபவை. பாத்ரூம் ஃபேன், அடுப்பு ஹுட், டிரையர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சோதிப்பார்கள். வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, புகை மேலே போகாமல் வாட்டர் ஹீட்டர் தலையிலிருக்கும் தொப்பி வழியாக அறைக்குள் திரும்பினால் தோல்வி. வீட்டை இன்னும் இறுக்கினால் இது மோசமாகும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. அசெஸ்மெண்ட்டுக்கு முன்பே பாய்லரைச் சர்வீஸ் செய்து, புகை அளவு அச்சான சீட்டை வாங்கி வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அதிகமாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அழுக்குப் பிடித்த பர்னர்தான்.

இன்னொரு கண்ணி: பிற்பாடு ஹீட் பம்ப் (ஏசி மாதிரி கரண்ட்டில் ஓடி வீட்டைச் சூடாக்குவது) போட்டு பாய்லரை எடுத்துவிட்டால், வாட்டர் ஹீட்டர் மட்டும் அந்தப் பெரிய சிம்னியில் அநாதையாக நிற்கும். சின்னப் புகை, பெரிய குளிர்ந்த சிம்னி; மேலே ஏறாது. லைனர் (சிம்னிக்குள் ஒரு சிறு குழாய்) போட வேண்டும், அல்லது வாட்டர் ஹீட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஹீட் பம்ப் விலை கேட்கும்போதே இந்தச் செலவையும் சேருங்கள்.

பாத்ரூம் ஃபேன் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிகிறதா என்றும் பாருங்கள். வெளியே போக வேண்டும். சமையலறை ஹுட்டும் அப்படியே. தாளிப்புப் புகையைக் கரி ஃபில்டர் வழியாகச் சுற்றி அறைக்கே அனுப்பும் ஹுட், வீட்டை இறுக்கிய பிறகு நாள் முழுக்க வெங்காய வாசனையாகவே உட்கார்ந்திருக்கும்.

குளிர்மாடி:

பெட்டிகளை நகர்த்தி உள்ளே பார்த்தேன். சந்து திறந்தேதான் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் ஜாயிஸ்ட்களுக்கு நடுவே வெள்ளிப்பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும் சிறு கற்கள், பூந்தொட்டியில் போடுவார்களே அது மாதிரி. வாரிப் பையில் போட்டுவிடட்டுமா?

பேஸ்மெண்ட்வாசி:

வேண்டாம். தொடாதீர்கள், பெருக்காதீர்கள், வாக்யூம் போடாதீர்கள், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

அது வெர்மிகுலைட்டாக (பழைய வீடுகளில் இன்சுலேஷனாக ஊற்றிய தாது) இருக்க வாய்ப்பு அதிகம். இந்நாட்டு வீடுகளில் ஊற்றிய வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி மான்டானாவில் லிப்பி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தத் தாதுவில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சுரங்கம் 1990-ல் மூடப்பட்டது. பார்த்தாலே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஈ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சொல்வது. உங்கள் 1956 வீடு அந்தக் காலக் கணக்கில் சரியாகப் பொருந்துகிறது.

பதியும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். வெர்மிகுலைட் இருக்கும் வீட்டில் புளோயர் டோர் (வாசலில் மின்விசிறி பொருத்திக் காற்றுக் கசிவை அளப்பது) ஓட்டக் கூடாது. அந்த மின்விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது, அட்டிக் தூசி சீலிங் விரிசல்கள் வழியாகக் கீழே அறைக்குள் இறங்கும். உரிமம் பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஆட்கள் அகற்றி, காற்றுச் சோதனைச் சான்று கொடுத்த பிறகே மற்ற வேலை. பேரியர் நீக்கத்துக்கு மாஸ் சேவில் மானியம் உண்டு, அசெஸ்மெண்ட் ரிப்போர்ட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும். அதனால் முதலில் அசெஸ்மெண்ட், பிறகு அகற்றல். வரிசையை மாற்றினால் மானியம் கைநழுவும். ஏற்கெனவே வெளியே எடுத்த பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஸ்னோஷவல்:

வாடகைக்கு இருப்பவர்கள் படித்தால்: நீங்களும் அசெஸ்மெண்ட் கேட்கலாம், கரண்ட் பில் உங்கள் பெயரில் இருந்தால் போதும். இன்சுலேஷனுக்கு மட்டும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

கதவைத் தட்டி "எனர்ஜி ப்ரோக்ராம்லருந்து வர்றோம், பில்லைக் காட்டுங்க" என்பவரிடம் பில்லைக் காட்டாதீர்கள். பெரும்பாலும் அவர் வேறு கம்பெனி கரண்ட் விற்க வந்தவர். அக்கவுண்ட் எண் கிடைத்தால் சப்ளையரை மாற்றிவிடுவார். நீங்கள் பதிந்து வருகிறவர் நாள், நேரம் சொல்லி, அடையாள அட்டையோடு வருவார்.

தெர்ம்கணக்கு:

வெர்மிகுலைட் போன பிறகு வேலை நாளன்று புளோயர் டோரை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள். 50 பாஸ்கல் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்பது அந்த எண். உங்கள் வீட்டின் கொள்ளளவை 13,600 கன அடி என்று வைத்துக்கொண்டால், 3,400 வந்தால் மணிக்கு 15 முறை மொத்தக் காற்றும் மாறுகிறது. 2,550-க்கு இறங்கினால் 11. பழைய கேப்புக்கு ஒரே நாளில் அது நல்ல இறக்கம். எண் அசையவே இல்லை என்றால் ஆட்கள் கிளம்புவதற்குள் கேளுங்கள்.

ஹீட் பம்ப் முழுவீட்டு மானியத்துக்கு வீடு போதுமான அளவு இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை, மாஸ் சேவின் 0 சதவீத வட்டிக் கடனான ஹீட் லோனுக்கும் அசெஸ்மெண்ட் வேண்டும். மானியத் தொகை ஜனவரியில் மாறுவது வழக்கம், பழைய பதிவுகளில் பார்த்த எண்ணை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். ஆடிட்டுக்கும் இன்சுலேஷனுக்கும் கிடைத்த ஃபெடரல் 25சி வரிக்கழிவு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதைச் சொல்லி அவசரப்படுத்துகிறவரைத் தவிர்க்கலாம்.

செல்லுலோஸ்:

சாய்வுச் சுவருக்குள்ளயும் செல்லுலோஸ் அடிச்சிருந்தா, வேலை முடிஞ்சதும் அதைச் சோதிக்க ஒரு வழி. டிசம்பர்ல விடியக்காலை, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, வீட்டுக்கு வெளியிலயும் உள்ளுக்குள்ளயும் இருக்கற குளிர் வித்தியாசம் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல இருக்கறப்ப, லைப்ரரியில இரவல் கிடைச்சாலும் சரி, ஒரு தெர்மல் கேமரா வச்சு உள்பக்கத்துலருந்து பாருங்க. கூரையைத் தாங்கற ராஃப்டர் மரம் மட்டும் கோடு கோடா லேசா குளிரா தெரியறது சகஜம். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு பட்டை முழுக்க நீலமா இருந்தா அந்தச் சந்துல செல்லுலோஸ் போகல. மேல்பாதி மட்டும் நீலம்னா அழுத்தம் போதாம கீழ உக்காந்துடுச்சு, கன அடிக்கு 3.5 பவுண்டு அடர்த்தி வேணும். படத்தைத் தேதியோட எடுத்து அனுப்புங்க, வந்து திரும்ப அடிச்சுத் தரணும். மத்தியான வெயில்ல எடுத்த படம் எதுக்கும் உதவாது, கூரையே சூடா இருக்கறப்ப எல்லாம் தலைகீழாத் தெரியும்.