மரவள்ளி வரத்து கூடினால் விலை ஏறுவதாக என் புள்ளியியல் மாதிரி காட்டுகிறது: தவறு எங்கே?

வாழப்பாடி மாணவி (கேள்வி):

வணக்கம். சேலத்தில் முதுகலைப் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் காட்டில் பெரும்பாலும் மரவள்ளிதான். எல்லோரும் ஒரே சமயத்தில் கிழங்கு பிடுங்குவதால்தான் விலை சரிகிறது என்று என் தந்தை ஆண்டுதோறும் சொல்வார். எவ்வளவு வரத்துக்கு எவ்வளவு சரிகிறது என்பதை அளந்து பார்ப்பதே என் ஆய்வேட்டின் நோக்கம்.

ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் கொள்முதல் பதிவேட்டிலிருந்து, எட்டு ஆண்டுகளுக்கான மாதவாரி டன் விலையையும் கொள்முதல் அளவையும் எழுதி எடுத்தேன். இரண்டுக்கும் மடக்கை (லாக்) எடுத்து, அளவு மாறும்போது விலை எப்படி மாறுகிறது என்று பார்க்க, விலையை அளவின் மீது ரெக்ரஷன் செய்தேன். எதிர்க்குறியை எதிர்பார்த்த எனக்குக் கிடைத்தது நேர்க்குறி. முடிவு தற்செயலானதா என்று காட்டும் டி மதிப்பும் வலுவாகவே இருக்கிறது. கண்ணால் காண்பதற்கு நேர்மாறான இதை ஆய்வேட்டில் எழுத மனம் வரவில்லை. மழையளவைக் கருவி மாறியாக (வரத்தை மட்டும் அசைக்கும் வெளிக் காரணியாக) சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் வகுப்புத் தோழி. அது போதுமா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:

உங்கள் கணக்கில் பிழை இல்லை. அந்தக் குணகத்தை, அதாவது கணக்கில் வந்த அந்த எண்ணை, தேவைக் கோட்டின் (எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோட்டின்) சரிவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டதில்தான் பிழை இருக்கிறது. 1914-இல் ஹென்றி மூர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் வார்ப்பிரும்புக்கு இதே போன்ற கணக்கைப் போட்டு, மேல்நோக்கிச் செல்லும் கோடு ஒன்றைக் கண்டு, அதைத் தேவைக் கோடு என்றே எழுதினார். விலையும் அளவும் சேர்ந்த ஒவ்வொரு புள்ளியும் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் (எந்த விலையில் எவ்வளவு விற்க வருவார்கள் என்று காட்டும் கோடு) வெட்டிக்கொள்ளும் இடம் என்பதையும், எந்தக் கோடு அதிகம் நகர்கிறதோ அதற்கு எதிர்க்கோட்டின் வடிவமே புள்ளிகளில் தெரியும் என்பதையும் 1927-இல் எல்மர் வொர்க்கிங் தெளிவாக விளக்கினார்.

உங்கள் புள்ளிகளில் நகர்ந்திருப்பது பெரும்பாலும் தேவைக் கோடுதான் என்று நினைக்கிறேன். நம் ஜவ்வரிசியின் பெரிய சந்தை மகாராஷ்டிரம் முதலான வட மாநிலங்கள். அங்கே நவராத்திரி விரதத்துக்குக் கிச்சடி செய்வதற்கென்று முன்கூட்டியே சரக்கு கேட்பார்கள். ஜவ்வரிசி விலை ஏறும்போது ஆலை கூடுதல் விலை கொடுத்துக் கூடுதல் கிழங்கு வாங்குகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே ஆலையின் பதிவேட்டில் இருப்பது அந்த ஆலை எவ்வளவு வாங்க விரும்பியது என்பதுதான்; அது வட்டாரத்தின் வரத்து ஆகாது. ஆகவே வட்டார அளவுக்கு வேறு தரவு தேடுங்கள். ஜவ்வரிசி ஆலைகளின் சரக்கை விற்பதற்காக 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்துக்கு வரும் மூட்டைக் கணக்கும் விலையும் உதவும். ஆலைகள் வெளியே நேரடியாக விற்கும் சரக்கு அதில் சேராது என்பதையும் ஆய்வேட்டில் குறிப்பிட வேண்டும்.

தலைவாசல் விவசாயி:

எனக்குப் பொருளாதார அளவையியல் தெரியாது. இருபது ஆண்டுகளாகக் கிழங்கு போடுகிறவன் என்ற முறையில் மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன், அம்மா.

ஆலை கிழங்குக்கு டன் கணக்கில் மட்டும் விலை போடுவதில்லை. மாவுச்சத்தைப் பாயிண்ட் பார்த்துப் போடுகிறது. ஒரு பாயிண்டுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 28 பாயிண்ட் கிழங்கு டன் 11,200 ரூபாய்க்குப் போகும். அடுத்த மாதம் வரும் 23 பாயிண்ட் கிழங்கு 9,200 ரூபாய்தான் பெறும். இரண்டு மாதங்களிலும் சந்தை விலை ஒன்றே, ஆனால் உங்கள் ஏட்டில் விலை விழுந்ததாகத் தெரியும். அதனால் பாயிண்ட் விலையை எடுங்கள்.

அடுத்தது, கிழங்கு நெல் மாதிரி இல்லை. முற்றிய பிறகும் சில வாரங்கள் மண்ணிலேயே விட்டு வைக்கலாம். விலை சரியில்லை என்றால் நாங்கள் பிடுங்காமல் காத்திருப்போம். கடன் கொடுத்தவர் வாசலுக்கு வந்தால்தான் வேறு வழியின்றிப் பிடுங்குவோம். ஆக, வரத்து விலையை இறக்குவதைப் போலவே விலையும் வரத்தை நிறுத்தி வைக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் வெயிலில்தான் காய வைக்கிறார்கள். அடைமழை பிடித்தால் களம் ஓடாது. களம் ஓடவில்லை என்றால் ஆலை கிழங்கு வாங்காது. மழை எங்களை மட்டும்தான் தொடும் என்று உங்கள் தோழி நினைத்திருந்தால் அது சரியில்லை.

ஏற்காடு புள்ளியியல்:

தலைவாசல் ஐயா கடைசியாகச் சொன்னது எந்தப் பாடநூலின் விளக்கத்துக்கும் குறைந்ததன்று. கருவி மாறி அளிப்பை மட்டும் அசைத்து, அதன் வழியாக மட்டுமே விலையைத் தொட வேண்டும். பிலிப் ரைட் 1928-இல் ஆளி விதைக்கும் வெண்ணெய்க்கும் இந்த முறையைப் பயன்படுத்தியபோதும் அவர் தேடியது அத்தகைய ஒரு காரணியைத்தான். பிடுங்கும் மாதத்து மழை களத்தின் வழியே ஆலையின் தேவையையும் குறைப்பதால் கருவியாகத் தகாது. மரவள்ளி எட்டு முதல் பத்து மாதப் பயிர் என்பதால், நட்ட பருவத்து மழையைக் கருவியாக வைத்து, பிடுங்கும் மாதத்து மழையையும் ஜவ்வரிசி விலையையும் கட்டுப்பாட்டு மாறிகளாக (அவற்றின் தாக்கத்தைக் கணக்கில் பிரித்து ஒதுக்கும் மாறிகளாக) சேர்த்துப் பாருங்கள். கருவி வரத்தை எவ்வளவு அசைக்கிறது என்று பார்க்கும் முதல் படியில், அந்த உறவின் வலுவைக் காட்டும் எஃப் மதிப்பு 10-க்குக் கீழே இருந்தால் கருவி வலுவற்றது. அப்போது வரும் மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியைக் கருவியாக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் முதன்முதலாக 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி பிறகு நம் மாவட்டத்துக்கும் பரவி, 2022-இல் அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடும் அளவுக்குச் சேதம் செய்தது. அளிப்பு அதிர்ச்சி என்ற வகையில் அது அருமையான நிகழ்வுதான். ஆனால் அதே காலத்தில் கொரோனா ஊரடங்கு போக்குவரத்தையும் நுகர்வையும் கலைத்துவிட்டது. பூச்சி முந்தி வந்த ஊர்களையும் பிந்தி வந்த ஊர்களையும் ஒப்பிடும் தரவு இருந்தாலன்றி இரண்டையும் பிரிக்க இயலாது.

வலுவான டி மதிப்பைக் கண்டு மகிழ வேண்டாம். காலப்போக்கில் அலைந்து செல்லும் இரண்டு தொடர்கள், தமக்குள் எந்த உறவும் இல்லாதபோதும், உயர்ந்த ஆர்-ஸ்கொயரையும் (மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பெரிய டி மதிப்பையும் தரும் என்று கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல் காட்டினார்கள். ஒரு மாதத்துப் பிழை அடுத்த மாதத்துக்கும் தொடர்கிறதா என்று காட்டும் டர்பின்-வாட்சன் மதிப்பு மிகவும் தாழ்ந்திருந்தால், மாதத்துக்கு மாதம் ஏற்பட்ட மாற்றத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். பருவத்துக்கென்று மாத வாரியான போலி மாறிகளையும் (அந்த மாதமானால் 1, இல்லையென்றால் 0 என்ற மாறிகள்) சேருங்கள். 96 மாதங்கள் என்பது இத்தனை மாறிகளுக்குச் சிறிய தரவுதான். நட்ட பருவத்து மழையோ ஆண்டுக்கு ஒரு முறைதான் புதிய செய்தியைத் தருகிறது. அந்த வகையில் உங்களிடம் இருப்பவை எட்டே எட்டுப் பருவங்கள். தருமபுரி, நாமக்கல் மாவட்டங்களின் தரவும் கிடைத்தால் நிலைமை மாறும்.

வாழப்பாடி மாணவி:

அனைவருக்கும் நன்றி. டர்பின்-வாட்சன் மதிப்பைப் பார்த்தேன். மிகவும் தாழ்ந்துதான் இருக்கிறது. மாற்றங்களை எடுத்து, ஜவ்வரிசி விலையையும் சேர்த்தவுடன் அந்த நேர்க்குறிக் குணகம் ஏறக்குறையச் சுழியாகிவிட்டது. எதிர்க்குறி இன்னும் வரவில்லை. கருவி மாறி இல்லாமல் அதை எதிர்பார்க்கவும் கூடாது என்று இப்போது புரிகிறது. தலைவாசல் ஐயாவிடம் ஒரு கேள்வி: பதிவேட்டில் பாயிண்ட் விவரம் சில ஆண்டுகளுக்கு இல்லை. விவசாயிகளிடம் உள்ள எடைச் சீட்டில் அது இருக்குமா?

தலைவாசல் விவசாயி:

இருக்கும், அம்மா. எடை, பாயிண்ட், கழிவு மூன்றையும் எழுதித்தான் சீட்டு தருவார்கள். என் வீட்டில் பழைய சீட்டுகளைக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். உங்கள் தந்தையும் வைத்திருப்பார், முதலில் அவரைக் கேளுங்கள்.