30 ஏக்கர் ஆலை நிலம்: நடுவே தெருவா, சுற்றிலும் மதிலா?

தெருக்கோடி: எங்கள் பகுதியில் மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தில் அடுக்குமாடி வீடுகளும் அலுவலகங்களும் வரப்போகின்றன. 400 மீட்டருக்கு 300 மீட்டர், ஏறத்தாழ 30 ஏக்கர். தெற்கே பஸ் ஸ்டாப், நேர் எதிரே வடக்கில் பள்ளிக்கூடம். குறுக்கே போனால் 300 மீட்டர். மதிலைச் சுற்றினால் 700. பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு அந்த 700ஐத்தான் தினமும் நடக்கிறார்கள். எத்தனை மாடி கட்டினாலும் கட்டட்டும், உள்ளே பொதுத்தெருக்கள் ஓட வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகர மையத்தில் ஒரு பிளாக், அதாவது நாலு தெருக்களுக்கு நடுவே உள்ள மனைப்பகுதி, 200 அடிக்கு 200 அடிதான். அங்கே பழைய ரயில் யார்டை பேர்ல் டிஸ்ட்ரிக்ட் என்ற குடியிருப்புப் பகுதியாக மாற்றியபோதும் அந்தத் தெருக்கட்டத்தையே நீட்டினார்கள்.

செங்கல்: கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். 200 அடி பிளாக்கைச் சுற்றி 60 அடித் தெரு என்றால் நிலத்தில் 41 சதவீதம் தெருவுக்கே போய்விடும். இங்கே 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்பதால் ஏற்கெனவே 10 சதவீதம் ஓ.எஸ்.ஆர். நிலமாக, அதாவது பொதுத் திறந்தவெளியாக, கொடுத்தாக வேண்டும். மீதியை வைத்து வீட்டு விலையை எப்படிக் குறைப்பது?

தெருக்கோடி: 41 சதவீதம் சரிதான் சார். ஆனால் எல்லாத் தெருவிலும் கார் ஓட வேண்டியதில்லையே. பேர்ல் டிஸ்ட்ரிக்டிலேயே சில தெருக்கள் நடப்பவர்களுக்கு மட்டும். தீயணைப்பு வண்டிக்கு எப்படியும் உள்ளே வழி விடப்போகிறீர்கள். அந்த வழியையே இரு முனையிலும் பொதுச்சாலையோடு இணைத்துவிட்டால் கூடுதலாக எவ்வளவு நிலம் போகும்?

இரண்டாம்பிளாக்: நான் கேட் போட்ட குடியிருப்புக்குள் வாழ்கிறவள். என் மகளுக்கு எட்டு வயது. மாலையில் அவள் தனியாக சைக்கிள் ஓட்டுகிறாள் என்றால் வெளியாள் உள்ளே வர முடியாது என்பதுதான் காரணம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

தாதர்வாசி: மும்பையின் லோயர் பரேலில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அந்த வட்டாரத்து ஆலை நிலங்களுக்கு 1991இல் வந்த விதிப்படி ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு குறைந்த விலை வீடுகளுக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஒவ்வோர் ஆலையும் தனித்தனிக் காம்பவுண்டாகவே எழுந்தது. கோபுரங்களுக்கு வந்த கூட்டம் முழுவதும் ஆலைக்காலத்து வழிகளிலேயே நெரிந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் கூட்ட நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். நான் தினமும் ஏறி இறங்கிய படிக்கட்டு அது.

செங்கல்: படிக்கட்டு குறுகல், மழைக்கு ஒதுங்கிய கூட்டம். அது ரயில்வே சரிசெய்திருக்க வேண்டியது. ஆலை மதிலை அதில் இழுப்பது நியாயமில்லை.

தாதர்வாசி: படிக்கட்டுதான் நேரடிக் காரணம், மறுக்கவில்லை. பல்லாயிரம் பேருக்கு அலுவலகம் கட்ட அனுமதி தரும்போது அவர்கள் எந்த வழியாக நடந்து வருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்கிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸில் 67 ஏக்கர் ரயில்வே நிலத்தில் 20 புதிய தெருக்களும் 10 பூங்கா, சதுக்கங்களும் திட்டத்திலேயே இருந்தன.

இரண்டாம்பிளாக்: அந்தத் தெருக்களும் தனியார் வசம்தானே? முகமறியும் கேமரா வைத்திருந்தது 2019இல் வெளியாகிப் பெரிய பிரச்சினையானது. காவலாளி அங்கேயும் இருக்கிறார்.

தெருக்கோடி: சரியான கேள்வி. அதனால்தான் வழியைப் பத்திரத்திலேயே பொதுவழியாகப் பதிய வேண்டும் என்கிறேன். அப்புறம், உங்கள் மகளைப் பற்றி. அவளுக்கு ஆபத்து காரால்தான் அதிகம். நடைத்தெருவின் இரு முனையிலும் கல்தூண் நட்டால் கார் வராது. தரைத்தளத்தில் வீட்டு வாசலும் கடையும் தெருவைப் பார்த்து இருந்தால் எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போதைய மதிலோரம் இரவு எட்டு மணிக்கு மேல் எந்தப் பெண்ணும் தனியாக நடப்பதில்லை. அந்த மதிலுக்கு வெளியே நடப்பவர்களும் யாருடைய மகள்களோதான்.

இரண்டாம்பிளாக்: வெளியே நடப்பவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை, உண்மை. பள்ளிக்கு ஒரு நடைவழி, காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கட்டும், விளக்கும் துப்புரவும் மாநகராட்சி பொறுப்பு. இதற்குக் கையெழுத்துப் போடுவேன். நாலு பக்கமும் திறந்த தெருக்களுக்குப் போடமாட்டேன்.

தெருக்கோடி: நன்றி அம்மா, ஒன்று கிடைத்தாலே பிள்ளைகளுக்கு 400 மீட்டர் மிச்சம். ஆனால் இரண்டாவது ஷிப்ட் முடிந்து பதினொன்றரை மணிக்கு பஸ் இறங்கும் நர்ஸ் எந்தப் பக்கமாக வீட்டுக்குப் போவார்? அந்த நேரத்தை மட்டும் மறுபடி யோசியுங்கள்.