பப் வாசலைத் தெருவில் நின்று படம் எடுத்தால் தப்பா?

தேக்கா_நடையன்:
வணக்கம். சிங்கப்பூரில் கடைவீடுகளின் (கீழே கடை, மேலே வீடு) பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. நகைக்கடை, முடிதிருத்தும் கடை, பூக்கடை எல்லாம் எடுத்தாயிற்று. யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது பப்களுக்கு வந்திருக்கிறேன். பழைய சன்னல் பலகைகளுக்கு நடுவே ஊதா நிற நியானில் தமிழ் எழுத்து எரிவதைப் பார்த்தால் விட மனம் வருவதில்லை.

போன வெள்ளி இரவு லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் பாட்டுக் கச்சேரி நடக்கும் ஒரு பப்பை, சாலைக்கு எதிர்ப்புறம் நின்றுதான் எடுத்தேன். வாசலில் நின்றவர் சாலையைக் கடந்து வந்து, "போனைக் காட்டு, அழி" என்றார். பொது நடைபாதையில்தானே நிற்கிறேன் என்றேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது." நான் அழிக்கவில்லை, அவரும் கை வைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மேற்கொண்டு எடுக்க மனம் வரவில்லை.

அப்படிக் கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டா? ஆற்றோரம் பார்கள் வரிசையாக இருக்கும் போட் கீயில் சுற்றுப்பயணிகள் விடிய விடிய எடுக்கிறார்கள். அங்கே யாரையும் யாரும் கேட்பதில்லையே?

கோப்புக்கட்டு:
கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாது. பொது இடத்தில் நின்று ஒரு கட்டடத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று சிங்கப்பூரில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. போனைப் பிடுங்கினால் சிக்கல் அவருக்குத்தான். ராணுவ வீரர் துப்பாக்கி நீட்டும் படத்துடன் நான்கு மொழியிலும் பலகை வைத்த பாதுகாக்கப்பட்ட இடங்கள் வேறு கதை. அங்கே கேமராவைத் தூக்கவே வேண்டாம். பப் அந்த வகையில் வராது.

அஞ்சடியில், அதாவது கடைவீட்டு வாசலை ஒட்டிக் கூரைக்குக் கீழே போகும் நடைவழியில், மட்டும் கவனம். நடக்க எல்லாருக்கும் வழி விட வேண்டும் என்றாலும், அந்த இடம் பெரும்பாலும் கடைவீட்டுக்காரருடையதுதான். அங்கே முக்காலியை விரித்துவிட்டு "பொது இடம்" என்று வாதாடாதீர்கள். சாலையோர நடைபாதைக்கு இறங்கிவிடுங்கள்.

கட்டடத்தைப் படம் எடுப்பதால் காப்புரிமை மீறல் ஆகாது. ஆனால் ஹாஜி லேன் பக்கம் பார்களின் சுவரில் வரைந்திருக்கிறார்களே, அந்த ஓவியத்தை மட்டும் தனியாக எடுத்து அச்சிட்டு விற்பதானால் வரைந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பொறுத்தவரை, ஒருவரைப் பின்தொடர்ந்து எடுத்தாலோ, அடையாளம் போட்டு வம்புக்கு இழுத்தாலோ 2014இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டம் பாயும். உடைக்குள் தெரிவதைத் திருட்டுத்தனமாக எடுப்பது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம், பிரம்படி வரை போகும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் எதிரே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

பழைய_வாசல்காரன்:
தம்பி, அந்த வாசலில் நின்ற ஆள் மாதிரி நானும் பல வருடம் நின்றவன். அவர் பேசிய விதம் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்குக் கவலை போர்டைப் பற்றி இல்லை. போர்டுக்குக் கீழே நிற்கிற ஆட்களைப் பற்றி.

2007 ஜூலையில் பப்புக்குள் சிகரெட் பிடிக்கத் தடை வந்தது. சின்னக் கடையில் புகைக்கத் தனி அறை போட இடம் ஏது? அதனால் வந்தவர்கள் பாதி நேரம் வெளியேதான் நிற்பார்கள். அதில் ஒருவர் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். இன்னொருவர் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியிலிருந்து வந்த தம்பி, குடிப்பது ஊரில் அம்மாவுக்குத் தெரியாது. உன் படத்தில் போர்டு பளிச்சென்று இருக்கும், கீழே இவர்கள் முகமும் பளிச்சென்று இருக்கும். நீ ஃபேஸ்புக்கில் போடுவாய், அவர் மச்சான் பார்ப்பான். மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள். முதலாளி யாரைத் திட்டுவார்? வாசலில் நின்றவனைத்தான்.

அதைவிட முக்கியம், பாடுகிற பிள்ளைகள். பாட்டுக்கு நடுவே காற்று வாங்க வெளியே வருவார்கள், வாடிக்கையாளர் போட்ட மாலை கழுத்திலேயே இருக்கும். அதை ஒருவன் எடுத்து, என்ன வேண்டுமானாலும் எழுதிப் போட்டுவிடுகிறான். அந்தப் பிள்ளை ஊர் திரும்பிய பிறகும் அந்தப் படம் கூடவே வரும். நான் ஆட்களை விரட்டியதெல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான். சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை.

லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் கலவரத்துக்குப் பிறகு மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம் வேறு வந்துவிட்டது, மது விற்க, குடிக்கக் கூடுதல் கெடுபிடி. கேமரா தூக்கினாலே "யாருக்கு எடுக்கிறான்" என்று ஒரு பயம்.

உனக்குப் போர்டுதானே வேண்டும்? ஏழு மணிக்குப் போ. இங்கே வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் இறங்கும். விளக்குப் போட்டிருப்பார்கள், வானத்தில் இன்னும் நீலம் இருக்கும், கூட்டம் ஒன்பதுக்கு மேல்தான். வாசலில் இருப்பவரிடம் "அண்ணே, போர்டு மட்டும் எடுத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல். எடுத்ததும் திரையைக் காட்டு. அப்புறம் அவரே அடுத்த சந்தில் எது பழைய போர்டு என்று சொல்வார்.

சிராங்கூன்_அக்கா:
போட் கீயில் ஏன் கேட்பதில்லை என்றால், அங்கே பெரும்பாலும் ஆற்றையும் சேர்த்து எடுக்கிறார்கள். எதிர்க்கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் பக்கம் நின்றால் கடைவீட்டு வரிசை முழுவதும், பின்னால் யூஓபி வங்கியின் உயரக் கட்டடமும் வந்துவிடும். மனிதர்கள் எறும்பளவு. யாருக்கு என்ன?

ஆனால் வேலை முடிந்து தோழிகளுடன் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒருவர் நீள லென்ஸை எங்கள் மேசைக்கு நேராகத் திருப்பிவைத்து எடுத்தார். நான் குடிப்பதில் ரகசியம் ஒன்றுமில்லை, அம்மாவுக்கே தெரியும். இருந்தாலும் வாயில் கோழி இறக்கையுடன் யாரோ ஒருவருடைய "இரவுச் சிங்கப்பூர்" தொகுப்பில் இருக்க எனக்கு விருப்பமில்லை. அவர் நின்றதும் பொது இடம்தான்! தூரத்திலிருந்து அகலமாக எடுங்கள். கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்து எடுக்காதீர்கள்.

அதே ஆற்றோரம் உள்ள கிளார்க் கீக்குப் போனால் ரீட் பாலத்தில் நின்று எடுங்கள். உள்ளே கூரைக்குக் கீழே முக்காலி விரித்தால் பாதுகாவலர் வருவார், அது கடைத்தொகுதிக்குள் அடங்கிய இடம், அவர் சொன்னால் மடக்கத்தான் வேண்டும்.

தேக்கா_நடையன்:
எல்லாருக்கும் நன்றி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கீழே மூன்று பேர் முகம் தெரிகிறது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் போடுவேன், போர்டு முழுசாகவே இருக்கிறது. அண்ணன் சொன்ன ஏழு மணி யோசனையும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தயக்கம்: முதலிலேயே கேட்டால் வாசலில் இருப்பவர்கள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது வெறும் வாசல்.

பழைய_வாசல்காரன்:
போஸ் கொடுத்தால் முதலில் அவரை ஒன்று எடுத்து அவர் போனுக்கு அனுப்பிவிடு, அப்புறம் அவரே தள்ளி நிற்பார். செவ்வாய் புதன் பார்த்துப் போ. வெள்ளி வேண்டாம், சம்பளம் போட்ட வாரமானால் அந்தப் பக்கமே போகாதே.