ராமேஸ்வரம்: பெண்கள் தீர்த்தமாடலாமா, தெளித்துக்கொண்டால் போதுமா?

வைகைக்கரை:
தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போகிறோம். அம்மா, மனைவி, தங்கை, பத்தாவது படிக்கும் மகள் எல்லாரும் வருகிறார்கள். அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு, அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறு, வழக்கமானதுதான். ஆனால் 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கரைக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா சிக்கி இரண்டு பேரைக் கைது செய்தார்களே, அதிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆண்கள் மட்டும் குளிப்போம், பெண்கள் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனத்துக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். தங்கை கோபத்தில் இருக்கிறாள், "எனக்கும் அவர் அப்பாதானே" என்கிறாள். நான் சொன்னதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
தப்புதான் சார். கேமரா வைத்தவன் ஒருத்தன், தீர்த்தமாட முடியாமல் போவது உங்கள் தங்கைக்கா? இன்னொன்று, அந்தக் கேமரா எப்படி வெளியே வந்தது என்று யோசித்தீர்களா? உடை மாற்றப் போன ஒரு பெண் சந்தேகப்பட்டு போலீஸில் சொன்னதால்தான். அந்தப் பெண்ணின் வீட்டிலும் தெளித்துக்கொண்டால் போதும் என்று சொல்லியிருந்தால் அந்தக் கடை இன்னும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

தஞ்சாவூர் மாமி:
நியாயம் பேசறது சுலபம் உப்புக்காற்று. கைது செய்தார்கள், சரி, அதற்குள் எடுத்த படமெல்லாம் எங்கே போச்சு? ஒரு தடவை வெளியே போனது திரும்பி வராது. 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பெண்கள் குளிப்பதையும் உடை மாற்றுவதையும் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள், விலைக்கும் விற்றார்கள், உ.பி. போலீஸ் அந்தக் கணக்குகள்மேல் வழக்குப் போட்டது. அங்கே ஒளித்துவைத்த கேமராவே தேவைப்படவில்லை, திறந்த ஆற்றங்கரை, கையில் போன், அவ்வளவுதான். குடும்பத்துக்குப் பெரியவர் ஒருத்தர் பயப்படறதை ஆணாதிக்கம்னு உடனே முத்திரை குத்தாதே அம்மா. நான் எங்கள் வீட்டுப் பெண்களைத் தீர்த்தமாட வேண்டாம் என்று தடுத்ததில்லை, ஆனால் கரையில் எந்த அறைக்குள்ளும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் லாட்ஜ், அடர் நிறத்தில் தடிமனான பருத்திச் சுடிதார், மேலே ஒரு துண்டு, ஈரத்தோடு நேராக அறைக்கு, மாற்றிக்கொண்டு தரிசனம். இதில் என்ன கஷ்டம்?

உப்புக்காற்று:
மாமி, லாட்ஜ் எடுக்க முடிந்தவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ராத்திரி முழுக்க டூரிஸ்ட் பஸ்ஸில் வந்து, காலையில் குளித்து, மத்தியானம் தனுஷ்கோடி பார்த்துவிட்டு அப்படியே கிளம்பும் கூட்டம் எவ்வளவு என்று தெரியாதா? அவர்கள்தான் காசு கொடுத்து கிடைத்த மறைப்புக்குள் போகிறார்கள். கடலில் நனைகிறோம், கோயிலுக்குள் போய்க் கிணறு கிணறாக வாளித் தண்ணீர் வாங்குகிறோம், கடைசியான கோடி தீர்த்தம் முடிந்ததும் ஈர உடையோடு சன்னதிக்குப் போகக் கூடாது என்கிறார்கள். சரி, விதி இருக்கட்டும். நனைப்பதும் கோயில் நிர்வாகத்தின் ஏற்பாடு, மாற்றிக்கொண்டு வா என்பதும் அவர்கள் விதி என்றால், பூட்டு போட்ட, பெண் ஊழியர் நிற்கிற, போதுமான அறையும் அவர்கள்தானே தர வேண்டும்? இருக்கிற அறையில் அமாவாசை அன்று நுழைந்து பாருங்கள், நிற்கவே இடம் இருக்காது.

ரதவீதிக்காரன்:
நான் உள்ளூர். ஒருத்தன் செய்த அயோக்கியத்தனத்துக்கு இங்கே கடை வைத்திருக்கிற எல்லாரையும் திருடனைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். ஆனாலும் வருகிறவர்கள் பார்த்துத்தான் ஆக வேண்டும், அதையும் சொல்கிறேன். வாட்ஸப்பில் வருகிற கண்ணாடியில் விரல் வைக்கும் சோதனையெல்லாம் சுவர் ஓட்டையில் இருக்கும் கேமராவுக்கு எதற்கும் உதவாது. அறையை முடிந்த அளவு இருட்டாக்கி, போன் டார்ச்சை கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாகச் சுவரைச் சுற்றி அடியுங்கள், லென்ஸ் இருந்தால் சின்னதாகப் பளிச்சிடும். பல்பு ஹோல்டர், சுவிட்சு பெட்டி, துணி மாட்டும் கொக்கி, டைல்ஸ் இடுக்கு, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எதாவது தெரிந்தால் பிடுங்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. வெளியே வந்து ஒருவர் அறை வாசலிலேயே நிற்க, இன்னொருவர் 112க்கு அடிக்கட்டும். பெண்ணை ஒளிந்து படம் எடுப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவு, முதல் தடவைக்கே குறைந்தது ஓர் ஆண்டு சிறை, மூன்று ஆண்டு வரை. மறுபடி மாட்டினால் மூன்று முதல் ஏழு.

வைகைக்கரை:
டார்ச் அடிக்க போன் வேண்டும். கோயிலுக்குள் போனே கூடாது என்கிறார்களே! நாங்கள் ஆறேழு பேர், 22 கிணற்றுக் கூட்டத்தில் மகள் பிரிந்துவிட்டால் எப்படித் தேடுவது? அதனால்தான் சொல்கிறேன், எல்லாரும் குளிப்பது நடக்கிற காரியமில்லை.

உப்புக்காற்று:
போன் தடையை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2022 டிசம்பரில் திருச்செந்தூர் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் போனைத் தடுக்கச் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஈரத்துணியோடு பிராகாரத்தில் நடக்கிற பெண்ணுக்கு, எதிரில் வருகிறவன் கையில் போன் இல்லை என்பதே பாதிப் பாதுகாப்பு.

தஞ்சாவூர் மாமி:
இதில் நான் ஒத்துக்க மாட்டேன். படம் பிடிக்கிறவன் எப்படியாவது ஒளித்துக் கொண்டுவருவான், லாக்கரில் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறவள் பெண்தான். பின்னால் வந்து உரசுகிறான் என்றால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? தடை போட்டால் உள்ளே பெண் போலீஸ் கண்ணில் படுகிற மாதிரி நிற்க வேண்டும், அது இல்லாத தடை அரைகுறைதான். வைகைக்கரை, போன் இல்லாத காலத்திலும் நாங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். உங்கள் நம்பரை மார்க்கர் பேனாவால் மகள் முழங்கையில் எழுதுங்கள், காகிதம் நனைந்து கூழாகிவிடும். பிரிந்தால் எங்கே நிற்பது என்று உள்ளே போகும்முன் காட்டிவிடுங்கள், "தூண் பக்கத்தில்" என்று சொல்லித் தொலைக்காதீர்கள், மூன்றாம் பிராகாரம் முழுக்கத் தூண்தான். நகை வேண்டாம், தாலிச் செயினையும் நூலில் மாற்றிக்கொண்டு போகலாம். தரை எப்போதும் வழுக்கும், உங்கள் அம்மாவின் கையை ஒருவர் விடாமல் பிடித்திருக்கட்டும். கேமராவை விட அதுதான் எனக்குப் பயம்.

ரதவீதிக்காரன்:
சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று தெருவில் கூப்பிடுகிறவன் பின்னால் போகாதீர்கள். டிக்கெட் கவுன்டரில் வாங்கி வரிசையில் போங்கள். முடிந்தால் தர்ப்பணம் மட்டும் அமாவாசையில், 22 தீர்த்தம் அடுத்த நாள் என்று வையுங்கள், பாதிப் பிரச்சினை கூட்டத்தால்தான் வருகிறது.

வைகைக்கரை:
இது தோன்றவில்லை, நல்ல யோசனை. சன்னதி தெரு பக்கம் லாட்ஜில் இரண்டு நாள் கேட்டிருக்கிறேன், அமாவாசைக்கு வாடகை கண்ணைக் கட்டுகிறது. தங்கையும் மனைவியும் அடுத்த நாள் 22 தீர்த்தம் ஆடட்டும். ஆனால் மகளைக் கடலில் இறக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை.

தஞ்சாவூர் மாமி:
சரியான முடிவு. அறைக்குள் போனதும் குளியலறை வென்டிலேட்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், லாட்ஜ் என்றால் மட்டும் நம்பிவிட முடியாது.

உப்புக்காற்று:
பாதி சரி. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று இங்கே யாருமே கேட்கவில்லை, நானும் உட்பட.

வைகைக்கரை:
கேட்டேன். "குளிர்ல நானே வரல, அத்தை போகட்டும்" என்றாள்.